காப்பகத்தில் பிள்ளையை விடும் முதல் மாதம்

(நமது அறக்கட்டளையின் குழந்தைகள் காப்பகத்தில் புதிதாகச் சேரவிருக்கும் பிள்ளைகளின் குடும்பத்தாருக்காக நடைபெற்ற கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மரியாதைக்குரிய ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, வாப்பாமார்களே, மகளுக்காகவும் மருமகளுக்காகவும் மனசில்லாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உம்மம்மாமார்களே, வாப்பும்மாமார்களே! இன்று நாங்கள் சொல்ல இருப்பதில் பாதிக்கு மேல் பின்வரிசைக்குத்தான். கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்தால் எங்களுக்கும் சத்தம் போட்டுப் பேச வேண்டியிருக்காது.

வருகிற மாதம் ஒன்பது கைக்குழந்தைகள் நமது காப்பகத்தில் சேருகின்றன, அல்ஹம்துலில்லாஹ். அழைப்பில் "குடும்பத்தோடு வரவும்" என்று போட்டிருந்தோம். சிலர் போன் செய்து கேட்டார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடப்போவது தாய். கையெழுத்துப் போடப்போவதும் தாய். மற்றவர்கள் எதற்கு என்று. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டமே.

மேலப்பாளையத்தில் பெண்கள் வேலை செய்வது புதிதல்ல. நம்முடைய உம்மாமார்கள் பீடி சுற்றித்தான் பாதிக் குடும்பங்களைக் கரையேற்றினார்கள். மடியில் பீடித் தட்டு, பக்கத்தில் தொட்டில், காலால் ஆட்டிக்கொண்டே கையால் சுற்றுவார்கள். பிள்ளை அழுதால் தட்டை இறக்கி வைத்துவிட்டுப் பால் கொடுப்பார்கள். புகையிலைத் தூள் பிள்ளையின் மூச்சில் போனது என்பது வேறு கதை. ஆனால் தாயும் பிள்ளையும் ஒரே அறையில் இருந்தார்கள். இன்றைக்கு அவர்களுடைய பேத்திகள் பாளையங்கோட்டையில் நர்ஸாகவும், பள்ளிக்கூடங்களில் ஆசிரியையாகவும், ஜவுளிக்கடைகளில் கணக்கெழுதுபவர்களாகவும் இருக்கிறார்கள். வேலை பழசு, வீட்டை விட்டு வெளியே போய்ச் செய்வதுதான் புதிது. ஆகவே பிள்ளையை வெளியே விடுகிற முதல் தலைமுறை நம் ஊரில் இதுதான். முன்மாதிரி கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை. "பச்சப் புள்ளைய யாரு கையிலயோ குடுத்துட்டு அப்படி என்ன வேல வேண்டிக் கெடக்கு?" என்று கேட்கும் பெரியவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த வளர்ப்பு அது.

ஆனால் பிள்ளையை நம்பிக்கையான இன்னொரு பெண்ணிடம் ஒப்படைப்பது நமக்கு அந்நியமானது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். மக்காவில் அது வழக்கமாக இருந்தது. நபி (ஸல்) அவர்களே ஹலீமா ஸஅதிய்யா (ரலி) அவர்களிடம் பாலுண்டு வளர்ந்தார்கள். இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம். இன்று மார்க்க பயான் அல்ல.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சம்பந்தப்பட்ட சகோதரியின் சம்மதத்தோடு சொல்கிறோம். அவர் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஆறு மாதப் பிள்ளையை இங்கே விட்டார். பன்னிரண்டாம் நாள் பிள்ளை வரவில்லை. விசாரித்தால் வேலையையே விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். "பிள்ளைக்குக் காப்பகம் ஒத்துக்கொள்ளவில்லை" என்பது வீட்டார் சொன்ன காரணம். எங்கள் தினப்பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். எட்டாம் நாளிலிருந்து அந்தப் பிள்ளை விடும்போது இரண்டு நிமிடம் சிணுங்கியதோடு சரி. சாப்பாடு சரியாக இருந்தது. பகல் தூக்கம் ஒன்றரை மணி நேரம். பராமரிப்பாளரைப் பார்த்தால் கையை நீட்டியது.

பிறகு அந்தச் சகோதரியிடமே பேசினோம். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஏழு பேருக்குக் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் செய்ய வேண்டும். பிள்ளையை எழுப்பி, பால் கொடுத்து, துணி மாற்றி, பை கட்டி, எட்டரைக்கு இங்கே விட்டு, ஒன்பதுக்கு டியூட்டியில் நிற்க வேண்டும். மாலை திரும்பினால் காலையில் போட்ட பாத்திரம் போட்டபடி கிடக்கும். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அந்த வீடு காலையில் எப்படி நடந்ததோ அப்படியேதான் நடந்திருக்கிறது. நடுவில் ஒரு பிள்ளையும் ஒரு காப்பகமும் ஒரு டியூட்டியும் வந்து சேர்ந்ததைத் தாயைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. பதினோரு நாளில் அவர் உடம்பு ஓய்ந்துவிட்டது. பழி பிள்ளையின் அழுகை மேல் விழுந்தது. "குடும்பத்தோடு வரவும்" என்று போட்டதற்கு இதுதான் காரணம்.

இனி அழுகைக்கு வருவோம், எல்லோருக்கும் பயம் அதில்தான்.

நான்கைந்து மாதக் குழந்தை பெரும்பாலும் யார் கையிலும் போகும். ஏறத்தாழ எட்டு மாதத்தில் முகம் பார்க்க ஆரம்பிக்கிறது. உம்மா கண்ணுக்கு மறைந்தாலும் எங்கோ இருக்கிறாள் என்று புரிகிறது. ஆனால் திரும்பி வருவாள் என்பது இன்னும் உறுதிப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் அழுகை. பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை அது உச்சத்தில் இருக்கும். தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு 26 வார விடுப்பு முடியும்போது பிள்ளை சின்னது, அழுகை குறைவு. அரசுப் பணியில் இருக்கும் சகோதரிகளுக்குத் தமிழ்நாடு அரசு 2021 முதல் ஓராண்டு விடுப்பு தருகிறது. அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பிள்ளையைக் கொண்டுவரும்போது அது சரியாக அழுகிற வயதில் இருக்கிறது! பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று நாளில் பழகியதே, நம் பிள்ளை ஏன் மூன்று வாரம் அழுகிறது என்று ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். வயது வித்தியாசம்தான்.

ஜெர்மனியில் 1980களில் உருவாக்கி இன்றும் பின்பற்றுகிற ஒரு முறை இருக்கிறது. பெர்லின் முறை என்பார்கள். முதல் மூன்று நாள் பிரிவே கிடையாது. தாயோ தகப்பனோ பிள்ளையோடு ஒரு மணி நேரம் காப்பகத்தில் உட்கார்ந்துவிட்டுப் பிள்ளையோடேயே திரும்பிவிட வேண்டும். நான்காம் நாள்தான் முதல் பிரிவு, அதுவும் அரை மணிக்கு மேல் போகாமல். அந்த நான்காம் நாள் திங்கட்கிழமையாக இருந்தால் செவ்வாய்க்குத் தள்ளிவிடுவார்கள். விடுமுறை முடிந்த மறுநாள் பிள்ளை வீட்டு நினைவில் இருக்கும். நாமும் இதையே வைத்திருக்கிறோம். ஒரு பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர் என்று முதல் மாதம் முழுக்க மாற்றாமல் வைக்கிறோம். ஆகவே வேலைக்குத் திரும்பும் நாளைக்கு இரண்டு வாரம் முன்பே பிள்ளையைக் கொண்டுவர ஆரம்பியுங்கள். விடுப்பின் கடைசி நாள் வரை வீட்டில் வைத்துக் கொஞ்சிவிட்டு மறுநாள் காலை ஒரேயடியாக ஒன்பது மணி நேரம் விடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். பொம்மையைக் காட்டித் திசைதிருப்பிவிட்டுப் பின்வாசலால் போகச் சொல்லிச் சில பெரியவர்கள் யோசனை சொல்வார்கள். அந்த நிமிடத்துக்கு அழுகை மிச்சம்தான். ஆனால் உம்மா எந்த நேரமும் மாயமாகிவிடுவாள் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். பிறகு வீட்டில் நீங்கள் குளியலறைக்குப் போனாலும் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். இரவில் விழித்து விழித்துத் தடவிப் பார்க்கும். முத்தம் கொடுங்கள், ஸலாம் சொல்லுங்கள், "உம்மா அஸர் பாங்குக்குப் பெறகு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அழும். அழட்டும். பெரும்பாலான பிள்ளைகள் நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் நிறுத்திவிடுகின்றன. பத்து நிமிடத்தில் பராமரிப்பாளர் உங்கள் போனுக்குத் தகவல் அனுப்புவார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள். நீங்கள் ஒருவர் எட்டிப் பார்த்தால் உள்ளே ஐந்து பிள்ளைகள் சேர்ந்து ஆரம்பிக்கும்.

வீட்டில் இப்போதே பழக்கலாம். முந்தானையால் முகத்தை மூடித் திறந்து காட்டுகிற விளையாட்டு இருக்கிறதே, மறைந்தது திரும்பி வரும் என்ற பாடத்தைத்தான் அது பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது. உம்மம்மாமார்களுக்கு அதில் பயிற்சி வேண்டியதில்லை.

மாலை அழுகை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகப் புகார் வருகிறது. நாள் முழுக்கச் சிரித்து விளையாடிய பிள்ளை உம்மாவைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி ஓவென்று அழும். வீட்டில் உடனே, "அங்க என்னமோ செஞ்சிருக்காங்க, அடிச்சிருப்பாங்க." யாராக இருந்தாலும் கேளுங்கள், சந்தேகம் இருந்தால் முன்னறிவிப்பில்லாமல் வந்து பாருங்கள், கதவு திறந்திருக்கும். ஆனால் இந்த அழுகையின் பொருள் பெரும்பாலும் வேறு. தைரியமாக அழக்கூடிய மடி வந்துவிட்டது என்பதால் அழுகிறது. நாமும் அப்படித்தானே, வெளியூரில் அடக்கி வைத்ததை உம்மா முகத்தைப் பார்த்ததும் கொட்டுகிறோம். வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் தாயையும் பிள்ளையையும் விட்டுவிடுங்கள். அந்த அரை மணியில் காபி போடுவதும் அரிசி களைவதும் வேறு யாராவது செய்யட்டும். வேறு யார் என்று இன்று இரவே வீட்டில் பேர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள்.

தூக்கம். நம் வீட்டுப் பிள்ளைகள் சேலைத் தொட்டிலில் ஆட்டினால்தான் தூங்கும். இங்கே பன்னிரண்டு தொட்டில் கட்டி ஆட்ட ஆள் கிடையாது. பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துத் தட்டிக் கொடுப்போம். முதல் வாரம் பிள்ளை தூங்காமல் சோர்ந்து போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆகவே இன்றையிலிருந்து வீட்டில் பகல் தூக்கம் ஒன்றையாவது பாயில் போட்டுப் பழக்குங்கள். இரவில் தொட்டில் இருந்துவிட்டுப் போகட்டும், அவசரமில்லை.

இரவுத் தூக்கத்தில் இன்னொரு சிக்கல். நம் வீடுகளில் பல வாப்பாமார்கள் சவூதியில் இருக்கிறார்கள். அங்கே வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடியோ காலில் வந்தால் இங்கே மணி ஒன்பதரை. பிள்ளை முகம் பார்க்க வேண்டும் என்று தூங்குகிற பிள்ளையை எழுப்பி உட்கார வைக்கிறோம். பத்தரைக்கு மறுபடி தூங்கிக் காலை ஆறரைக்கு எழுப்பினால் அந்தப் பிள்ளை எங்களிடம் எப்படி வந்து சேரும்? வாப்பாவின் ஏக்கத்தை நாங்கள் சிறிதாக எண்ணவில்லை. பிள்ளை முகம் பார்க்கத்தான் அந்த மனுஷர் அந்த வெயிலில் நிற்கிறார். ஆனால் வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறையாக இருந்தால் நம் மாலை நேரத்தில் பேசலாம். மற்ற நாட்களில் பிள்ளை குளிப்பதையும் சாப்பிடுவதையும் ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்பலாம். வாப்பா குரலைப் பதிவு செய்து அனுப்பினால் தூங்குவதற்கு முன் போட்டுக் காட்டலாம். இஷாவுக்கு முன்னால் பிள்ளை தூங்கிவிட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது பின்வரிசைக்கு வருகிறோம். இத்தனை மாதமும் காலை பத்து மணிக்கு எண்ணெய் தேய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் தூங்க வைத்தது யார்? உம்மம்மா. அந்தப் பத்து மணி இனி அவர்களுக்கு இல்லை. வீடு வெறிச்சோடிக் கிடக்கும். பிள்ளை காப்பகத்துக்குப் போவதை எதிர்க்கிற பெரியவர்கள் பலர் உண்மையில் அந்த வெறுமையைத்தான் எதிர்க்கிறார்கள் என்பது எங்கள் கணிப்பு. இதைப் புரிந்துகொள்ளாமல் மருமகளும் மகனும் "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று பேசினால் வீடு இரண்டாகும். குளிப்பாட்டலை அஸருக்குப் பின்னால் மாற்றிவிடுங்கள். சாயங்காலம் வெந்நீரில் குளித்த பிள்ளை நன்றாகத் தூங்கும். பாட்டிக்குப் பேரன் கையில் இருப்பான். தாய்க்கு அந்த முக்கால் மணி மூச்சுவிட நேரம். சாம்பிராணிப் புகையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், சளிப் பிள்ளைக்கு ஆகாது.

நகைக்கும் கயிற்றுக்கும் ஒரு வார்த்தை. கழுத்துச் சங்கிலி, கறுப்புமணிக் கயிறு, தாயத்து எதுவும் கழுத்தில் இருக்கக் கூடாது. தாயத்து கூடுமா கூடாதா என்ற விவாதத்தை வேறு மேடையில் வைத்துக்கொள்வோம். தவழ்கிற பிள்ளையின் கழுத்தில் எந்தக் கயிறும் சுருக்குத்தான். ஊக்கும் வேண்டாம்.

பால் விஷயத்தில் தாய்மார்களுக்குக் கவலை வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு சாப்பாட்டோடு இரண்டு வயது வரை தாய்ப்பால் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. வேலைக்குப் போவதால் நிறுத்த வேண்டியதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பிழிந்து, வெந்நீரில் கொதிக்க வைத்த மூடியுள்ள பாத்திரத்தில் எடுங்கள். பிரிட்ஜில் நான்கு நாள் வரை வைக்கலாம். வெளியில் நான்கு மணி நேரம் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. நம் திருநெல்வேலி வெயிலில் அதை நம்பாதீர்கள், ஐஸ் வைத்த பையில் கொண்டுவாருங்கள். பேரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். அடுப்பில் காய்ச்சக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்றுவோம். பாட்டிலில் கொடுப்பதில்லை, பாலாடையில் கொடுப்போம், கொஞ்சம் பெரிய பிள்ளைக்குக் கிண்ணத்தில். "நான் கொடுத்துப் பார்த்தேன், குடிக்கவே இல்லை" என்று தாய்மார்கள் சொல்வார்கள். நேரடியாகக் கொடுக்கிறவள் பக்கத்தில் இருக்கும்போது பாலாடையை ஏன் குடிக்கும்? வாப்பா கொடுத்துப் பார்க்கட்டும். தாய் அடுத்த அறையில் இருக்கட்டும்.

சட்டத்தையும் தெரிந்து வையுங்கள். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, மூன்றாவது பிள்ளைக்கு 12 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும்; ஒரு நாளைக்கு நான்கு முறை தாய் போய்ப் பிள்ளையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும். நம் சகோதரிகள் வேலை செய்யும் சில பெரிய கடைகளுக்கும் இது பொருந்தும். தனியாகக் கேட்கத் தயங்கினால் எங்களிடம் சொல்லுங்கள், அறக்கட்டளையின் கடிதத் தாளில் எழுதிக் கேட்போம்.

முதல் ஆறு மாதம் சளியும் இருமலும் அடிக்கடி வரும். கூட்டத்தில் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்து காட்டாமல் யாரையும் சேர்ப்பதில்லை. 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள்; மருந்து கொடுத்துச் சூட்டை இறக்கிவிட்டுக் கொண்டுவந்து விடுவது மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதல். அப்படியானால் அன்றைக்கு யார் லீவு போடுவது? ஒவ்வொரு முறையும் தாயே போட்டால் மூன்றாவது மாதம் அவர் வேலை ஆட்டம் காணும். எங்கள் படிவத்தில் இந்த ஆண்டு ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்திருக்கிறோம்: "பிள்ளைக்கு உடல்நலமில்லாத நாளில் வீட்டில் இருப்பவர்கள்." குறைந்தது இரண்டு பேர் எழுத வேண்டும். இரண்டும் பெண் பெயராக இருந்தால் படிவத்தைத் திருப்பித் தருவோம்.

வாப்பாமார்கள் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். பால்குடி மறக்கடிப்பதைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தில் வருகிற வசனத்தைப் பாருங்கள். தாயும் தகப்பனும் கலந்து பேசி, இருவரும் மனம் ஒப்பி முடிவு செய்வதாக அல்லாஹ் சொல்கிறான். பிள்ளையின் பெயரால் தாய்க்குத் துன்பம் தரக் கூடாது என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. தொழுகையில் பிள்ளை அழும் சத்தம் கேட்டுத் தாயின் தவிப்பை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கினார்கள். வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலையில் இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதும் நமக்குத் தெரிந்ததுதான். பஜ்ருக்குப் பள்ளிக்குப் போய்விட்டு வந்து மறுபடி படுக்கிற அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதைத்தான் கேட்கிறோம். இப்போது வரும் பிள்ளைகளில் இருவரை வாப்பா கொண்டுவந்து விடுகிறார். ஒருவர் செல்போன் கடை வைத்திருக்கிறார், இன்னொருவர் ஆட்டோ ஓட்டுகிறார். அந்த இரண்டு பிள்ளைகளும் காலையில் அழுவது மற்றவர்களை விடக் குறைவு. தாயைப் பிரிகிற வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு வருகிறார்கள்.

ரமளானில் சேர்க்க வேண்டாம். ஸஹரும் தராவீஹுமாக வீட்டு நேரமே மாறிக் கிடக்கும், பெருநாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மக்ரிபுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. பராமரிப்பாளர்கள் நான்கு பேரும் உள்ளறையில் இருக்கிறார்கள். பெண்கள் போய்ப் பேசுங்கள், பிள்ளையை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். படிவம் வாசல் மேஜையில் இருக்கிறது. ஆண்கள் அங்கே வாருங்கள், அந்தக் கடைசிக் கட்டத்தை உட்கார்ந்து நிரப்பிவிட்டுத் தொழப் போவோம். கட்டணம் கட்ட முடியாதவர்கள் தனியாக எங்களிடம் சொன்னால் போதும், படிவத்தில் எழுத வேண்டாம்.